பராமரிப்பாளருக்குத் தவறான படிவம் கொடுத்துவிட்டேன்: திருத்துவது எப்படி?

டாலஸ் அருகே இருக்கிறோம். பக்கவாதம் வந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள 2024 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒரு அக்காவை நேரடியாக வேலைக்கு வைத்திருந்தோம். வாரம் 400 டாலர், காசோலையாகத்தான் கொடுத்தேன். 2024-இல் ஒருவருக்குக் கொடுத்த சம்பளம் 2,700 டாலரைத் தொட்டாலே, சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரி கட்ட வேண்டிய முதலாளி நான் என்பது அப்போது தெரியாது.

வரிக்கணக்கர் பேச்சைக் கேட்டு 1099 (சுயதொழில் செய்பவருக்குத் தரும் வருமானப் படிவம்) கொடுத்தேன். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியில் என் பங்கையும் சேர்த்து 15.3 சதவீதத்தை அந்த அக்காவே கட்டியிருக்கிறார். மடித்து வைத்திருந்த ரசீதை அவர் காட்டியபோது எனக்குக் கூசியது.

முதலாளி எண் வாங்கி, டபிள்யூ-2 (பணியாளருக்குத் தரும் சம்பளப் படிவம்), ஷெட்யூல் எச் (வீட்டுப் பணியாளருக்கான வரிப் படிவம்) இரண்டையும் நிரப்பிவிட்டேன். வேறு இரண்டு கணக்கர்களிடமும் கேட்டேன். ஒருவர் ‘அப்படியே விடுங்கள்’ என்கிறார். மற்றவர் வீட்டுப் பணியாளர் கணக்கே பார்ப்பதில்லையாம்.

இப்படித் திருத்தியவர்கள் சொல்லுங்கள்: முதலில் நான் 1040-எக்ஸ் (திருத்திய வருமான வரிக் கணக்கு) அனுப்ப வேண்டுமா, அந்த அக்கா தன் வரிக் கணக்கைத் திருத்த வேண்டுமா?