1:160 அளவில் நம் ரயில்கள்: விருப்பப் பட்டியலுக்கு உங்கள் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மாதிரி ரயில் தயாரிப்பாளர்களிடம் முன்வைப்பதற்காக, 1:160 அளவில் (அதாவது அசலின் 160இல் ஒரு பங்கு அளவில்) வெளிவர வேண்டிய எஞ்சின்கள், பெட்டிகள் ஆகியவற்றின் பட்டியல் ஒன்றைத் தொகுத்து வருகிறேன். என் முதல் விருப்பம், 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்து, பின்னர் வாரணாசியில் பல்லாண்டுகள் தயாரான டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின். அதன் பின்னால் பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டிகள், அதுவும் பழைய செங்கல் நிறத்தில் வேண்டும். 21.3 மீட்டர் நீளமுள்ள அப்பெட்டி இந்த அளவில் 133 மில்லிமீட்டராகச் சுருங்குவதால், எட்டுப் பெட்டிகளும் எஞ்சினும் ஒன்றேகால் மீட்டருக்குள் அடங்கிவிடும். இடம் குறைந்த வீடுகளுக்கு இது பெரும் வரம்.

சிக்கல் தண்டவாளத்தில்தான் இருக்கிறது. நமது 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை இந்த அளவில் ஏறக்குறைய 10.5 மில்லிமீட்டர் ஆக வேண்டும். ஆனால் கடைகளில் கிடைப்பதோ 9 மில்லிமீட்டர் பாதை. சக்கரங்கள் சற்று உள்ளொடுங்கித் தெரிந்தாலும் எனக்குச் சம்மதமே. உங்களுக்கும் சம்மதமா என்பதைத் தெரிவியுங்கள்.

அச்சுகளின் இடைவெளி சமமாக இல்லாத அந்த டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினின் போகி (அடியிலுள்ள சக்கரத் தொகுதி) வரைபடமோ, கூரையின் தெளிவான படங்களோ வைத்திருப்பவர்கள் பகிர்ந்தால் மிகுந்த நன்றியுடையவனாக இருப்பேன். உங்கள் விருப்பங்களையும், எந்த ஆண்டுகளின் வண்ணத்தில் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.