கால்வழிப் படம்: ஊரே ‘மாமா’ என்றால் யாரை எங்கே போடுவது?

பாலக்கோடு மாணவி:
வணக்கம். பி.ஏ. சமூகவியல் முதலாமாண்டு. உறவுமுறைப் பாடத்துக்குக் களப்பணி கொடுத்திருக்காங்க. ஒரே தெருவில் 25 வீடு கணக்கெடுத்து, அதில் மூணு குடும்பத்துக்கு நாலு தலைமுறைக் கால்வழிப் படம் (வம்சப் படம்) வரையணும். எட்டு வீடு முடிஞ்சது, மூணு இடத்தில் நிக்குது. ஒண்ணு, ‘அவர் உங்களுக்கு என்ன வேணும்?’னு யாரைக் காட்டிக் கேட்டாலும் ‘மாமா’ங்கறாங்க. ரெண்டு, ஒருத்தர் அக்கா மகளையே கட்டியிருக்கார். அவரை ரெண்டாம் தலைமுறையில் வைக்கிறதா, மூணாவதிலா? மூணு, ஒரே கூரைக்குக் கீழே ரேஷன் கார்டு ரெண்டு, அடுப்பு ஒண்ணு, மூத்த மகன் பெங்களூரில் கட்டட வேலை. இது ஒரு குடும்பமா, ரெண்டா?

களக்குறிப்பு:
முதலில் கேள்வியை மாற்றுங்கள். ‘என்ன வேணும்?’ என்று கேட்டால் உறவுச்சொல்தான் பதிலாக வரும். படத்துக்கு வேண்டியது யாருக்கு யார் பிறந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள் என்பது மட்டுமே. 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணைத் தீவுகளில் இந்த முறையை உருவாக்கிய ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ், அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற ஐந்து சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அதே முறையோடுதான் 1901-02இல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் வேலை செய்தார்.

இப்படிக் கேளுங்கள்: ‘உங்களைப் பெத்த அம்மா பேர் என்ன? அவங்களுக்குப் பிறந்தவங்க எத்தனை பேர்? மூத்தவங்களில் இருந்து சொல்லுங்க, தவறிப்போனவங்களையும் சேர்த்து.’ ‘பெத்த’ என்ற சொல் முக்கியம். அதை விட்டால் பெரியம்மாவும் சித்தியும் அம்மா கணக்கில் வந்துவிடுவார்கள். உடன்பிறந்தார் எல்லாரையும் முடித்த பிறகு அவரவர் கணவன், மனைவி. அதற்குப் பிறகு பிள்ளைகள். நடுவில் தாவினால் வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் விடுபட்டுப்போவார்கள். படத்தில் ஆண்கள் பக்கம் மட்டும் அடர்ந்திருந்தால் கேட்ட விதத்தைத்தான் முதலில் சந்தேகப்படணும்.

பெயரை மட்டும் நம்ப வேண்டாம். தாத்தா பெயரைச் சுமப்பவன்தானே பேரன். நாலு தலைமுறைக்குள் இரண்டு முனியப்பன், மூன்று மாதம்மாள் வந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள்: வீடு, தலைமுறை, வரிசை. 7-2-3 என்றால் ஏழாம் வீட்டுப் படத்தில் இரண்டாம் தலைமுறையில் மூன்றாவது ஆள். வயதான அம்மாக்கள் பலர் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்தாமல் பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளையைக் கேளுங்கள். வயது தெரியாவிட்டால் ஊர் மறக்காத நிகழ்ச்சியை வைத்துப் பிடிக்கலாம். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர், பாப்பாரப்பட்டியில் வீரப்பன் சுடப்பட்டது 2004 அக்டோபர். ‘அப்போ பையன் கைக்குழந்தையா, பள்ளிக்கூடம் போனானா?’ என்று கேட்டால் ஓரிரு வருட வித்தியாசத்தில் வயது வந்துவிடும்.

உறவுச்சொற்களைப் படம் முடிந்த பிறகு, வேறொரு நாளில் தனியாக வாங்குங்கள். ஒவ்வொரு எண்ணாகக் காட்டி, ‘இவரை எப்படிக் கூப்பிடுவீங்க? அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்? மத்தவங்ககிட்ட அவரை என்னன்னு சொல்வீங்க?’ என்று மூன்று கேள்வி. நேரில் ‘மாமா’ என்பவரே பிறரிடம் ‘எங்க மாமனார்’ என்பார். கூப்பிடும் சொல்லையும் குறிப்பிடும் சொல்லையும் ஒரே கட்டத்தில் எழுதினால் இந்த வித்தியாசம் தொலைந்துபோகும்.

முறைமாமன்_சமூகவியல்:
அக்கா மகள் கேள்விக்கு. தலைமுறை பிறப்பால் அமைவது, கல்யாணத்தால் யாரும் ஒரு படி இறங்குவதில்லை. மாதம்மாள் மூத்தவர், அவர் தம்பி கோவிந்தன், மாதம்மாள் மகள் செல்வி என்று வையுங்கள். மாதம்மாளும் கோவிந்தனும் ஒரே வரிசையில், செல்வி அடுத்த வரிசையில். படத்தில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். கோவிந்தனின் முக்கோணத்தில் இருந்து செல்வியின் வட்டத்துக்குத் திருமணக் குறியான இரட்டைக் கோடு சாய்வாக இறங்கட்டும். இடம் நெருக்கினால் கோவிந்தனை இரண்டு இடத்தில் வரைந்து, ஒரே எண்ணைப் போட்டு, புள்ளிக்கோட்டால் சேருங்கள். எண்ணை மாற்றிவிட்டால் தலைக்கணக்கில் ஒரு ஆள் கூடும். அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

இதில் பார்க்க வேண்டிய அழகான இடம் அடுத்த தலைமுறை. செல்வியின் பிள்ளைகளுக்கு மாதம்மாள் அப்பாவழியில் அத்தை, அம்மாவழியில் பாட்டி. பிள்ளைகள் எதைச் சொல்கிறார்கள் என்று ஊகிக்காமல் கேட்டு எழுதுங்கள்.

இந்து திருமணச் சட்டம் (1955) தாய்மாமன் - அக்கா மகள் உறவைத் தடுக்கப்பட்ட உறவில் வைத்தாலும், வழக்கம் அனுமதித்தால் திருமணம் செல்லும் என்கிறது. அதனால் அறிக்கையில் ‘சட்டவிரோதம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

எல்லாரும் மாமா ஆவதற்கும் கணக்கு இருக்கிறது. அம்மாவின் உடன்பிறந்தான், அத்தையின் கணவர், மனைவியின் அப்பா மூவரும் மாமா. மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டுவது முறை என்றால் இந்த மூன்று இடமும் ஒரே ஆளிடம் வந்து சேரலாம். பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது, மாமன் மச்சான் வீட்டில் எடுக்கலாம் என்ற பிரிவைத்தான் அந்தச் சொல் காட்டுகிறது. அமெரிக்க மானிடவியலாளர் மார்கன் 1871இலேயே தமிழ், தெலுங்கு உறவுச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். அவற்றைத் திருமண உறவின் மொழியாகப் படிக்கணும் என்று 1953இல் வாதாடியவர் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன். தேர்வில் இருவரையும் சேர்த்து எழுதுங்கள்.

தளி ரோடு:
ஒண்ணு சேர்க்கணும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டுக்குள்ள தெலுங்கு, கன்னடம். பாலக்கோடு, ராயக்கோட்டைத் தெருவிலயும் அப்படி வீடு இருக்கும். நீங்க தமிழ்ல கேட்டா மரியாதைக்குத் தமிழ்லயே மாத்திச் சொல்லுவாங்க, அங்கதான் தரவு கெட்டுப்போகும். தமிழ் பேசும் வீட்டில் அம்மாவோட தம்பியும் மாமா, அக்கா வீட்டுக்காரரும் பல இடத்தில் மாமா. தெலுங்குல முதல் ஆள் மேனமாம, ரெண்டாவது ஆள் பாவ. அந்த பாவ வயசுல மூத்த அத்தை மகனுக்கும் மாமன் மகனுக்கும் வரும். தமிழ்ல மட்டும் எழுதினா அந்த வீடு பிரிச்சு வெச்சிருக்கிறதை நீங்க ஒண்ணாக்கிடுவீங்க. வீட்டு மொழியில என்ன சொல்றாங்களோ அதையே எழுதி, தமிழ் விளக்கத்தை அடுத்த பத்தியில வைங்க.

களக்குறிப்பு:
மூன்றாவது கேள்வி விட்டுப்போச்சு. குடும்பம் வேறு, இல்லம் வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லம் என்பது வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து பொதுச் சமையலில் சாப்பிடுகிறவர்கள். வேலை நிமித்தம் அப்படி முடியாமல் போகிறவருக்கும் அதில் இடம் உண்டு. ஆக உங்கள் வீடு ஓர் இல்லம். கார்டு இரண்டு என்பதைத் தனிப் பத்தியில் குறியுங்கள், அதை வைத்து இல்லத்தைப் பிரிக்காதீர்கள். ‘ஒலை ஒண்ணா வைக்கிறீங்களா, தனியாவா?’ என்றால் உடனே பதில் வரும். பெங்களூர் மகனுக்கு ஒரு விதி தேவை: வருஷத்தில் எத்தனை மாதம் ஊரில் இருக்கிறார், பணம் அனுப்புகிறாரா, மனைவி பிள்ளைகள் எங்கே. விதி எதுவானாலும் 25 வீட்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும், அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. மகளிர் உரிமைத்தொகை கார்டுக்கு ஒரு பெண்ணுக்கு என்பதால், கார்டைப் பற்றிக் கேட்டால் பயம் வரும். அதைக் கடைசியில் கேளுங்கள். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி, அரசாங்கக் கணக்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாலக்கோடு மாணவி:
ரொம்ப நன்றி. எட்டு வீட்டையும் மறுபடி கேட்கப் போறேன். வேற சாதிப் பெரியவரையும் ‘மாமா’ங்கறாங்களே, அதையும் எழுதணுமா?

முறைமாமன்_சமூகவியல்:
கட்டாயம். ஆனால் படத்தில் வேண்டாம், தனிப் பட்டியலில். யார் யாரை உறவு சொல்லிக் கூப்பிடுகிறார்கள், திரும்ப என்ன வருகிறது, ‘வா’வா ‘வாங்க’வா என்று எழுதுங்கள். ஊர்த்தெருப் பையன் காலனியில் இருக்கும் அறுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் ‘சாமி’ என்று பதில் சொன்னால், அந்த இரண்டு சொல்லும் அப்படியே குறிப்பேட்டில் இருக்கணும். இதைக் கேள்வி கேட்டு வாங்க முடியாது. டீக்கடையில் உட்கார்ந்து காதால் வாங்கணும்.

களக்குறிப்பு:
தவறிப்போன பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் கவனம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி தருமபுரிக்கும் வந்தது ஏன் என்று அந்தத் தலைமுறைப் பெண்களுக்குத் தெரியும். மாமியார் முன்னால் கேட்காதீர்கள். எத்தனை பேர் என்று சொன்னால் போதும், எப்படி என்று கேட்க வேண்டாம். ஆணா பெண்ணா என்று அவராகச் சொல்லாவிட்டால் முக்கோணமும் வட்டமும் இல்லாமல் சதுரம் போட்டு, மேலே இறப்புக்கான சாய்கோடு போடுங்கள்.