வளவு வீட்டுக் குழு: அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) டியூப்

காரைக்குடி அண்ணன்: மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு இப்போதுதான் கிளம்பினோம். சிறுநீர்க்குழாயைக் கல் அடைத்து அப்பச்சிக்கு இடது கிட்னி வீங்கியிருக்கிறதாம். முதுகு வழியாக டியூப் வைத்து யூரினை வடியவிட்டு, கல்லை அப்புறம் எடுக்கலாமாம். காலையில் வைத்தால் சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்.

தேவகோட்டை ஆச்சி: கிட்னியில் குத்திவிட்டு அன்றைக்கே அனுப்புவார்களா?

சென்னைத் தம்பி: பெட் இல்லாமல்தான் அனுப்புகிறார்கள். 2 நாள் அட்மிட் பண்ணச் சொல்லுங்கள்.

திருச்சித் தங்கச்சி: எங்கள் ஸ்கேன் பிரிவில் தினம் நடப்பதுதான். குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனிலும் எக்ஸ்ரேயிலும் பார்த்துக்கொண்டே வைப்பார்கள். டியூப் 3 மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. பிறகு சில மணி நேரம் பிரஷரையும் யூரின் நிறத்தையும் பார்ப்பார்கள். பயமெல்லாம் ரத்தக்கசிவும் கிருமியும்தான். ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போவது 100 பேரில் 4 பேருக்குள். கிருமி ரத்தத்தில் கலந்து பிரஷர் இறங்குவது 1 முதல் 3 பேர். ஆனால் கிட்னியில் சீழ் இருந்தால் அதுவே 10 பேரை நெருங்கும். அப்படிப்பட்டவரை அன்றே அனுப்ப மாட்டோம். அப்பச்சிக்குக் காய்ச்சல் உண்டா?

காரைக்குடி அண்ணன்: இல்லை. யூரின் டெஸ்டிலும் கிருமி இல்லை.

திருச்சித் தங்கச்சி: ஹார்ட்டில் ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த மாத்திரை, க்ளோபிடோக்ரெல்?

காரைக்குடி அண்ணன்: காலையில்கூடப் போட்டார். டாக்டரிடம் சொல்ல விட்டுப்போச்சு.

தேவகோட்டை ஆச்சி: நல்லா இருக்கு போ.

திருச்சித் தங்கச்சி: உடனே போன் பண்ணுங்கள் அண்ணே. அது ரத்தம் உறையவிடாத மாத்திரை, குத்தும்போது கசிவு கூடும். வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் ஹார்ட் டாக்டரைக் கேட்காமல் நாமாக நிறுத்தக் கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

காரைக்குடி அண்ணன்: ரெண்டு டாக்டரிடமும் பேசிவிட்டேன். ஸ்டென்ட் வைத்து 6 வருஷமாச்சு, நிறுத்தலாமாம். அடுத்த வியாழன் டியூப். நடுவில் குளிர்காய்ச்சல் வந்தால் வியாழனுக்குக் காத்திராமல் வரச் சொன்னார்.

திருச்சித் தங்கச்சி: அப்படியென்றால் அன்றைக்கே வெளியே வரலாம். ஆனால் காரைக்குடிக்கு வேண்டாம். நடுராத்திரி ஏதாவது என்றால் திருப்பத்தூர், மேலூர் தாண்டி ஓட வேண்டும்.

மதுரை அம்மான்: எங்கள் வீடு எதற்கு இருக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம். அத்தான் 2 நாள் இங்கே இருக்கட்டும்.

சென்னைத் தம்பி: இது சரி. நான் அட்மிஷனை விட்டுவிட்டேன்.

திருச்சித் தங்கச்சி: ஒன்றிரண்டு நாள் யூரின் ரோஸ் நிறத்தில் வரும், பதற வேண்டாம். கட்டி கட்டியாக ரத்தம், குளிர்நடுக்கம், டியூபில் மாட்டிய பையில் யூரினே இறங்காமல் இருப்பது, எதுவானாலும் உடனே கிளம்புங்கள். டியூப் கழன்றாலும் அப்படித்தான், விடியட்டும் என்று இருந்தால் துளை மூடிக்கொள்ளும். அப்புறம், வீட்டுக்கு வந்ததும் அப்பச்சிக்குக் கட்டில் வேண்டும்.

அப்பச்சி: பட்டாலையில் பாய் போட்டுப் படுத்தே பழகியவன். கட்டிலில் தூக்கம் வராது.

திருச்சித் தங்கச்சி: கிட்னிக்குக் கீழே பை தொங்கினால்தான் யூரின் இறங்கும் அப்பச்சி. தரையில் படுத்தால் எங்கே தொங்கவிடுவது?

அப்பச்சி: சரி. கட்டிலை வளவு முற்றத்தோரம் போடச் சொல். காத்து வரும்.