மின் கட்டணத்துக்குக் கேஷ்பேக் வரவில்லை: கிரெடிட் கார்டில் வீட்டுச் செலவு கட்டுவோரிடம் விளக்கம் வேண்டுகிறேன்

கேள்வி – திருநகர்வாசி

அனைவருக்கும் வணக்கம். எல்லாச் செலவுக்கும் 1 சதவீதம் கேஷ்பேக் (செலவழித்ததில் ஒரு பகுதி திரும்ப வரவாவது) உண்டு என்று விற்பனை முகவர் சொன்னதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டு ஈபி பில், பிராட்பேண்ட் கட்டணம், உசிலம்பட்டியில் பெற்றோர் இருக்கும் வீட்டின் ஈபி பில் ஆகியவற்றை இப்போது அந்தக் கார்டிலேயே கட்டி வருகிறேன். இம்மாத ஸ்டேட்மெண்டில் பிராட்பேண்டுக்குக் கட்டிய 1,180 ரூபாய்க்கு 11 ரூபாய் 80 காசு வரவாகியிருக்கிறது. ஆனால் திருநகர் வீட்டு மின் கட்டணம் 4,200 ரூபாய்க்கு ஒரு காசும் வரவில்லை. அது மட்டுமல்லாமல், பணம் கட்டிய செயலி 42 ரூபாயைக் கன்வீனியன்ஸ் கட்டணம் என்றும், 7 ரூபாய் 56 காசை அதற்கான ஜிஎஸ்டி என்றும் சேர்த்து எடுத்திருக்கிறது. இது வங்கியின் தவறா, நான் வேறு வழியில் கட்ட வேண்டுமா? அக்டோபரில் மாநகராட்சிச் சொத்து வரியும் கட்ட வேண்டியிருப்பதால், அதற்கு முன் தெளிவு கிடைத்தால் உதவியாக இருக்கும்.

பதில் – ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கே.கே.நகர்

ஐயா, கார்டு எந்தக் கடையில் தேய்க்கப்பட்டது என்பதை வங்கியின் கணினி கடையின் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. பணம் பெறும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நான்கு இலக்க வணிக வகை எண் ஒன்று உண்டு. மின்சாரம், எரிவாயு, குடிநீர் போன்றவற்றுக்கு 4900, தொலைத்தொடர்புச் சேவைக்கு 4814, வரி செலுத்துதலுக்கு 9311, காப்பீட்டுக்கு 6300 என்று அது வகுக்கப்பட்டிருக்கிறது. பல கார்டுகளின் விதிமுறைகளில் 4900 கேஷ்பேக்கிலிருந்து விலக்கப்பட்டிருக்கும். உங்களுக்குப் பிராட்பேண்டுக்கு வந்து மின்சாரத்துக்கு வராமல் போனதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ரூபே கார்டை யுபிஐ-யில் இணைத்துக் கட்டினாலும் வகை எண் மாறாது என்பதால் பலன் ஏதும் கிடைக்காது.

ஒருவேளை கேஷ்பேக் வந்திருந்தாலும் உங்களுக்கு நட்டமே என்பதைக் கவனியுங்கள். 4,200 ரூபாய்க்கு 1 சதவீதம் என்றால் கிடைப்பது 42 ரூபாய். செயலி எடுத்ததோ 49 ரூபாய் 56 காசு. கட்டணம் 1 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்போது அது 1.18 சதவீதமாகிவிடுகிறது. ஆகவே ‘பணம் செலுத்து’ என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையில் காட்டப்படும் மொத்தத் தொகையையும் பில் தொகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒரு மாதத்தில் 4900 வகைச் செலவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், 2024 முதல் சில வங்கிகள் 1 சதவீதம் தனியாக வசூலிக்கின்றன. இரண்டு வீட்டு பில்லையும் ஒரே கார்டில் கட்டும் நீங்கள் அந்த வரம்பையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

பதில் – மேலூர் ஆசிரியை

சொத்து வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதற்குக் கேஷ்பேக்கையே நினைக்க வேண்டாம். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் கழிக்கப்படுகிறது. இரண்டாம் அரையாண்டுக்கு அக்டோபர் 1 முதல் 30 வரையே அந்தக் காலம். உங்கள் வரி 3,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 180 ரூபாய் மிச்சம். கார்டு தருவதாகச் சொன்ன 1 சதவீதம் முழுதாகக் கிடைத்தாலும் 36 ரூபாய்தான். கூடுதல் கட்டணம் இல்லாத வழி எதுவோ அதில் அக்டோபர் 30-க்குள் கட்டிவிட்டு, ரசீதில் கழிவு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

திருநகர்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது 4900 என்ற எண்ணையே சொன்னார்கள். விலக்குப் பட்டியல் கார்டுடன் வந்த ஆவணத்தின் உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. முகவர் வாய்மொழியாக எல்லாச் செலவுக்கும் என்று சொன்னதை வைத்துப் புகார் செய்ய இயலுமா? மேலும், கார்டு பில்லைக் கட்ட வேண்டிய தவணை நாள் 25-ஆம் தேதி வருகிறது, எனக்குச் சம்பளம் மாதக் கடைசியில். பில்லில் காட்டும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் அன்று கட்டிவிட்டு மீதியைச் சம்பளம் வந்ததும் கட்டலாமா?

பதில் – ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கே.கே.நகர்

புகார் செய்யலாம். முதலில் வங்கிக்கு எழுத்து மூலம் அனுப்பி, 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்; விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஆனால் விலக்கு அச்சிலேயே இருப்பதால், முகவரின் குறுஞ்செய்தி போன்ற எழுத்துச் சான்று இல்லாமல் கேஷ்பேக்கைப் பெறுவது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முழுத் தொகையும் கட்டப்படாத நிலையில் வட்டியில்லாக் காலம் போய்விடும். செலவு செய்த நாளிலிருந்தே வட்டி ஏறும், புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் அது தொடரும். மாதம் 3.5 சதவீதம் என்றால் 10,000 ரூபாய் ஒரு மாதம் நிலுவையில் நிற்க 350 ரூபாய் வட்டியும் அதற்கு 63 ரூபாய் ஜிஎஸ்டியும் ஆகும். அந்த 413 ரூபாயைக் கேஷ்பேக்காக ஈட்ட நீங்கள் 41,300 ரூபாய் செலவழிக்க வேண்டியிருக்கும்.

இதற்கு நேரான வழி பில்லிங் சுழற்சியை, அதாவது மாதந்தோறும் பில் போடப்படும் தேதியை, மாற்றிக்கொள்வதுதான். ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலின்படி, அதை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வங்கி தந்தே ஆக வேண்டும். தவணை நாள் மாதத்தின் முதல் வாரத்தில் விழும்படி கேட்டு, ஒப்புதல் வந்ததும் சேமிப்புக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த ஏற்பாட்டில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்பது முன்னதாகவே தெரிவாகியிருக்கக்கூடும். அதை ‘முழு நிலுவை’ என்று மாற்றிய பிறகே உறுதி செய்யுங்கள்.

திருநகர்வாசி

சுழற்சி மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன், ஐயா. இரு வீட்டு ஈபி பில்லையும் இனி சேமிப்புக் கணக்கிலிருந்து யுபிஐ வழியே கட்டுகிறேன். பிராட்பேண்ட் மட்டும் கார்டில் இருக்கும்.