கள்ளிச்செடி பூக்க ஒரு வழி சொல்லுங்கள்
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு மாமில்லேரியா கள்ளி இருக்கிறது, உருண்டையாக, வெள்ளை முள்ளுக்கு நடுவே கொக்கி போல வளைந்த முள்ளோடு நன்றாகத்தான் வளர்கிறது, ஆனால் மொட்டு மட்டும் வைக்கவே இல்லை. குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்தி, 10 டிகிரி குளிரில், நல்ல வெளிச்சத்தில் ஓய்வாக விட்டால்தான் வசந்தத்தில் பூக்கும் என்கிறார்கள். சரி, நமக்கு அது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஆனால் கடலோர ஊரில் வீட்டுக்குள் அவ்வளவு குளிர் ஏது? ராத்திரி வராந்தாவில் வைத்தால் போதுமா, பனி ஈரத்தில் வேர் அழுகிவிடாதா? அப்புறம், செப்டம்பரில் மறுபடி தண்ணீர் ஊற்றும்போது தக்காளிச் செடிக்குப் போடும், பொட்டாஷ் கூடுதலான உரம் கொடுக்கலாமா? பூக்க வைத்தவர்கள் எந்தத் திசை ஜன்னல் என்றும் சொல்லுங்கள். கிடைக்கிற குறிப்பெல்லாம் தெற்கு என்கிறது, இங்கே வெயில் வடக்கில் அல்லவா.