பரணில் கிடைத்த வீடியோ கேம் கேசட்டுகள்: மொத்தமாக 1,500 ரூபாய்க்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

செம்பூர்வாசி எழுதியது:

வணக்கம். மும்பை செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதால், அடுத்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பரணை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவில் 23 வீடியோ கேம் கேசட்டுகள் கிடைத்தன. கேட்ரிட்ஜ் என்பதுதான் சரியான சொல் என்று என் மகன் திருத்துகிறான். கடையில் கேசட் என்று கேட்டுத்தான் வாங்கினோம் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

இவற்றில் இருபது, உள்ளங்கை அளவுள்ள மஞ்சள், கறுப்பு நிறக் கேசட்டுகள். 1990களில் இங்கே வாங்கியவை. கான்ட்ரா, டாங்க், ‘9999 இன் 1’ முதலியன. இரண்டு பெரிய கேசட்டுகளை நியூஜெர்சியில் இருந்த சித்தப்பா, டிவியில் இணைத்து ஆடும் நின்டெண்டோ பெட்டியோடு சேர்த்துக் கொண்டுவந்தார்: ஒன்று மாரியோவும் டக் ஹன்ட்டும் சேர்ந்த சாம்பல் நிறக் கேசட், மற்றொன்று பொன்னிறத்தில் மின்னும் செல்டா என்ற ஆட்டம். அந்தப் பெட்டியின் அடாப்டர் 110 வோல்ட்டுக்கானது என்பதைக் கவனிக்காமல் என் தம்பி நேரே நம் பிளக்கில் செருகி, ஒரே வாரத்தில் புகைய விட்டுவிட்டான். ஆகவே இரண்டும் அதிகம் விளையாடப்படாதவை. இருபத்து மூன்றாவது, கையில் பிடித்து ஆடும் கேம் பாயில் போடும் போகிமான் யெல்லோ. அதன் லேபிளில் என் தம்பி பால்பாயின்ட் பேனாவால் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான். அட்டைப் பெட்டிகளை அம்மா என்றோ ரத்திவாலாவிடம் (பழைய பேப்பர்காரரிடம்) எடைக்குப் போட்டுவிட்டார்.

பழைய பொருள் விற்கும் சோர் பஜாரில் ஒரு கடைக்காரர் அத்தனையையும் சேர்த்து 1,500 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். அமெரிக்காவில் ஒரு மாரியோ கேசட் பல கோடி ரூபாய்க்கு ஏலம் போனதாகச் செய்தியில் படித்த நினைவு இருப்பதால் கை வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மஞ்சள்கேசட் எழுதியது:

ஐயா, முதலில் அந்தச் செய்தியைப் பார்த்துவிடுவோம். 2021 ஜூலையில் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் 15.6 லட்சம் டாலருக்கு விற்றது, 1996இல் வெளிவந்த சூப்பர் மாரியோ 64இன் ஒரு பிரதியை. அது தொழிற்சாலையில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கப்படாமல், தரம் மதிப்பிடும் நிறுவனத்திடமிருந்து பத்துக்கு 9.8 பெற்றது. அதற்கு இரண்டு நாள் முன்பு 8.7 லட்சம் டாலருக்குப் போன செல்டாவும் உறை பிரிக்காத, தொடக்ககால அச்சுப் பிரதிதான். இந்தச் சந்தையில் வெறும் கேசட்டுக்கு ஒரு விலை, அட்டைப் பெட்டியும் கையேடும் சேர்ந்தால் பல மடங்கு, உறை பிரிக்காதிருந்தால் கணக்கே வேறு. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, உங்கள் வீட்டில் ரத்திவாலா எடைபோட்டுக் கொண்டுபோனது கேசட்டைவிட விலை பெறும் பொருள்.

பொன்னிறத்தைக் கண்டு மயங்க வேண்டாம். 1987இல் அமெரிக்காவில் வந்த செல்டாவின் வழக்கமான நிறமே அதுதான். 1992இல் மறுபடி வெளியிட்ட சாம்பல் நிறப் பிரதிதான் அதைவிட அரிது. அந்த ஆட்டம் உலகெங்கும் 65 லட்சம் பிரதிகள் விற்றது. அட்டைப் பெட்டி இல்லாத பொன்னிறக் கேசட் முப்பது, நாற்பது டாலர் பெறும். மாரியோ–டக் ஹன்ட், நின்டெண்டோ பெட்டியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது என்பதால் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. பத்துப் பதினைந்து டாலருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பழையது என்பதற்காக யாரும் விலை தருவதில்லை, கிடைக்காதது என்பதற்குத்தான் தருகிறார்கள். 1990இல் நின்டெண்டோ நடத்திய உலகப் போட்டிக்கான கேசட்டுகளில் சாம்பல் நிறத்தில் 90, பொன்னிறத்தில் 26 மட்டுமே வெளியே வந்தன. அவற்றின் லேபிள் கிழிந்திருந்தாலும் வாங்குவதற்குப் போட்டி இருக்கும்.

அந்த இருபது சிறிய கேசட்டுகள் ஜப்பானில் நின்டெண்டோ விற்ற ஃபாமிகாம் பெட்டிக்கு ஏற்ற, 60 உலோக முனை கொண்டவை. அமெரிக்க வகையில் 72 முனை. 1983இல் வந்த ஃபாமிகாமில் கள்ளக் கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சில்லு கிடையாது. அதனால்தான் மீடியா, லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் நகல் பெட்டிகள் இங்கே குவிந்தன, அவற்றுக்கான கேசட்டுகளும் சல்லிசாக வந்தன. ‘9999 இன் 1’ஐப் போட்டு வரிசையாகப் பாருங்கள், சில பத்து ஆட்டங்கள்தான் இருக்கும், மற்றதெல்லாம் அதே ஆட்டம் வேறு கட்டத்திலிருந்து தொடங்குவது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களில் மிகச் சிலரே இவற்றை நாடுகிறார்கள். எனக்கு மட்டும் இவற்றின் மேல்தான் பித்து, என் பெயரைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும், கான்ட்ரா நல்ல நிலையில் இருந்தாலும் நானே இருநூறு ரூபாய்க்கு மேல் தரமாட்டேன்.

லாமிங்டன்ரோடு எழுதியது:

பழைய கேம் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், மேலே விட்டுப்போனதைச் சொல்கிறேன். உங்கள் டப்பாவில் முதலில் கவனிக்க வேண்டியது போகிமான். அசலாக இருந்தால், அட்டைப் பெட்டி இல்லாமலேயே ஐம்பது டாலரை ஒட்டி விலை போகும். கேம் பாய் போகிமான் கேசட்டுகளில் போலி மிக அதிகம் என்பதால் சோதித்துத்தான் ஆக வேண்டும். லேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், அசலில் மை இல்லாமல் அழுத்திப் பதித்த சிறிய எண் ஒன்று தெரியும். பிறகு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற ஸ்குரூடிரைவரால் பின்புறத் திருகைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கால் முளைத்த கறுப்புச் சில்லுகளும் பலகையில் நின்டெண்டோ என்ற அச்சும் இருந்தால் நல்லது. கறுப்புத் தார் உருண்டை மாதிரி ஒன்று அப்பியிருந்தால் போலி. உங்கள் மஞ்சள் கேசட்டுகளில் அந்த உருண்டைதான் இருக்கும், திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

திறக்கும்போது ஒரு நாணய பேட்டரியும் கண்ணில் படும். செல்டா, போகிமான் இரண்டிலும் ஆடிய நிலையை நினைவில் வைப்பது அதுதான். பதினைந்து, இருபது ஆண்டுகளில் தீர்ந்துபோவது வழக்கம்; கடிகாரமும் ஓடும் போகிமான் கோல்டு, சில்வர் ஆட்டங்களில் இன்னும் சீக்கிரம் தீரும். மாற்றிவிடுவதே நல்லது. கசிந்தால் பலகையையும் அரிக்கும்.

டப்பாவைத் திறந்ததும் சின்ன வயதுப் பழக்கத்தில் வாயால் ஊத வேண்டாம். எச்சிலின் ஈரம் தாமிர முனைகளை அரிக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சால் முனைகளைத் துடையுங்கள். முதல் நாலு பஞ்சு கரியாக வரும், ஐந்தாவது வெளுக்கும். எண்பது ரூபாய்ச் செலவு. டக் ஹன்ட்டை இன்றைய எல்இடி டிவியில் சோதித்துவிட்டு, அதில் வாத்தைச் சுடும் பொம்மைத் துப்பாக்கி கெட்டுவிட்டது என்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அது பழைய பிக்சர் டியூபின் ஒளி வரும் நேரத்தைக் கணக்கிட்டு வேலை செய்வது. புதிய திரையில் வாத்து ஒன்றுகூட விழாது.

மஞ்சள்கேசட் எழுதியது:

பேட்டரி விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தொழிற்சாலையில் பற்றவைத்த பேட்டரி அப்படியே இருப்பதை விரும்பி வாங்குகிறவர்கள் உண்டு. கசிவு இல்லையென்றால் தொடாமல் விடுங்கள். மாற்றுவதா என்பதை வாங்குகிறவர் முடிவு செய்யட்டும். லேபிளில் உள்ள பேனா எழுத்தையும் தேய்க்க வேண்டாம். மையோடு லேபிளின் வண்ணமும் போய்விடும்.

பழையஆட்டக்காரன் எழுதியது:

கோடிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. உறை பிரிக்காத சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2019இல் சுமார் ஒரு லட்சம் டாலர், 2021 ஏப்ரலில் இன்னொரு பிரதி 6.6 லட்சம், ஆகஸ்டில் மற்றொன்று 20 லட்சம். நாலு கோடிப் பிரதிகள் விற்ற ஆட்டத்துக்கு இரண்டே ஆண்டில் இப்படி ஏறியது ஆட்டத்தின் மேலுள்ள ஆசையால் என்று நான் நம்பவில்லை. வாங்கி விற்கும் முதலீட்டுக்காரர்களின் கூட்டம் அது. ஈபேயில் ‘விலை இவ்வளவு’ என்று போட்டிருப்பதைப் பார்க்காமல், விற்று முடிந்தவை என்ற பட்டியலைப் பாருங்கள். விற்பனைக்கு வைப்பவன் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

செம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஞாயிறு மாலை மகனும் நானும் உட்கார்ந்து திறந்தோம். போகிமானின் லேபிளைச் சாய்த்துப் பார்த்ததில் எண் தெரிகிறது, உள்ளே சில்லுகளும் எழுத்தும் நீங்கள் சொன்னபடியே உள்ளன. வியப்பு என்னவென்றால், எதிர்வீட்டுப் பையனின் கேம் பாயில் போட்டபோது ‘கன்டின்யூ’ என்ற வரி வந்தது. 2002இல் தம்பி நிறுத்திய இடத்தில் ஆட்டம் அப்படியே நிற்கிறது. அவன் இப்போது மெல்பர்னில் இருக்கிறான். படம் அனுப்பினேன், போகிமானை மட்டும் விற்கக் கூடாது என்று உடனே பதில் வந்துவிட்டது.

செல்டாவையும் மாரியோவையும் தனியாக விற்கப் பார்க்கிறேன். சிறியவற்றில் பதினைந்தை மஞ்சள்கேசட் அவர்கள் நியாயமான விலைக்கு எடுத்துக்கொண்டால் மகிழ்ச்சி. ஐந்தை மகன் கேட்கிறான். ஒரு சந்தேகம் மட்டும்: பேட்டரியை மாற்றினால் தம்பியின் ஆட்டம் அழிந்துவிடுமா?

லாமிங்டன்ரோடு எழுதியது:

பேட்டரியை எடுத்த நொடியிலேயே அழிந்துவிடும். ஆனால் அதற்கு முன் கேசட் ரீடரில் செருகிச் சேமிப்பைக் கணினியில் நகலெடுத்துக்கொண்டு, புது பேட்டரி போட்டபின் திரும்ப ஏற்றிவிடலாம்; பத்து நிமிட வேலை. சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் கொண்டுவாருங்கள். அதுவரை அதை இன்னொரு முறை போட்டுப் பார்க்க வேண்டாம். பையன் தவறுதலாக ‘நியூ கேம்’ அழுத்திச் சேமித்துவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.