இலங்கை மலைநாட்டில் நடந்து பார்க்க எந்தப் பாதைகள்? பத்து நாள் பயணத்திற்கு யோசனை வேண்டும்

திருவான்மியூர் நடையன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் இலங்கைக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். கையில் பத்து நாட்கள் இருக்கின்றன. கடற்கரைகளையும் கோயில்களையும் இம்முறை விட்டுவிட்டு, மலைநாட்டில் கால்நடையாகப் போகக்கூடிய பாதைகளை மட்டுமே பார்க்க விரும்புகிறோம். எனக்கு வயது 54. வெள்ளியங்கிரி இரண்டு முறையும் பருவதமலை பலமுறையும் ஏறியிருக்கிறேன். ஏறும்போது சிரமம் எதுவும் இல்லை. ஆனால் இறங்கும்போது இடது முழங்கால் வலிக்கிறது. மகள் என்னைவிட நன்றாக நடப்பாள்.

நான் விசாரித்த பயண முகவர் ஒருவர், சிவனொளிபாதமலை (ஆதம் சிகரம்), ஹோர்ட்டன் சமவெளி, எல்ல என்னும் சிற்றூர், நக்கிள்ஸ் மலைக்காடு என எல்லாவற்றையும் ஒன்பது நாட்களுக்குள் அடக்கி ஓர் அட்டவணை தந்தார். அதைக் கூட்டிப் பார்த்தால் நடக்கும் நேரத்தைவிட வண்டியில் உட்காரும் நேரமே அதிகமாக இருக்கிறது. நேரில் நடந்து பார்த்தவர்கள், எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்று சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மயிலை மாடவீதி

ஐயா, அந்த அட்டவணையை விட்டுவிடுங்கள். மலைநாட்டில் சாலைகள் வளைந்து வளைந்து போவதால், வரைபடத்தில் 30 கிலோமீட்டர் என்று தெரியும் தூரத்திற்கே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். இரண்டு ஊர்களில் தங்கி, அவற்றைச் சுற்றி நடப்பதுதான் உத்தமம்.

முதலில் ஹோர்ட்டன் சமவெளியைச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் மூன்று முறை நடந்திருக்கிறேன். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே விரிந்து கிடக்கும் புல்வெளி அது. 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வட்டமாகச் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் குறைவு என்பதால் உங்கள் முழங்காலுக்குத் தொந்தரவு இருக்காது. நீலகிரியில் முக்குறுத்திப் பக்கம் போனவர்களுக்கு அந்த நிலம் புதிதாகத் தோன்றாது: மேட்டில் புல்லும் மடிப்புகளில் குட்டையான சோலைக்காடும், இடையிடையே ரோடோடெண்ட்ரான் மரங்களின் சிவந்த பூக்களுமாக, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கடலைத் தாண்டி அங்கே போய் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் தரும் ஊற்றுகள் இந்தச் சமவெளியில்தான் இருக்கின்றன. நடக்கும்போது காலடியில் சதுப்பு சளசளப்பதைக் கேட்டால் அது விளங்கும்.

பாதையின் உச்சம் ‘உலக முடிவு’ என்று அழைக்கப்படும் பாறை விளிம்பு. அங்கே நிலம் சட்டென்று அற்றுப்போய், 800 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கீழ்நாட்டுச் சமவெளி தெரியும். தெரியும் என்று நான் சொல்வது காலை ஒன்பது மணிக்கு முன்பு மட்டும்தான். முதல் முறை நான் பத்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். விளிம்பில் நின்று வெள்ளைத் திரையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் திரும்பினேன். இரண்டாம் முறை நுவரெலியாவிலிருந்து காலை நான்கரை மணிக்கே கிளம்பி, ஆறு மணிக்கு வாயில் திறந்ததும் முதல் ஆட்களாக உள்ளே சென்றோம். அன்று புல்நுனிகளில் உறைபனி படிந்திருந்தது. ஏழே முக்காலுக்கு விளிம்பில் நின்றபோது, கீழே மிகத் தொலைவில் நீர்த்தேக்கம் ஒன்றின் தகரம் போன்ற மினுக்கம் வரை தெளிவாகத் தெரிந்தது. அரைமணி நேரம் கழித்துப் பள்ளத்திலிருந்து மேகம் புகைபோல எழும்பி வந்து, முதலில் தூரத்தையும், பிறகு மரங்களையும், கடைசியில் எங்கள் கால்களையும் மறைத்தது. இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

கம்பளிக் குல்லாவும் கையுறையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். சென்னையிலிருந்து போகிறவர்கள் இதை நம்புவதில்லை. வாயிலில் பையைச் சோதித்து, பிளாஸ்டிக் உறைகளை எடுத்து வைத்துவிட்டுக் காகிதப் பை தருவார்கள், தண்ணீர்ப் புட்டியின் மேலுள்ள லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். அங்கு திரியும் மான்கள் மனிதர் தரும் தீனிக்குப் பழகி, உறைகளையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. அதனால் சோதனையிடுபவர்மீது எரிச்சல் கொள்ள வேண்டாம்.

அம்பத்தூர்ப் பேத்தி

ஐயா, மேலே உள்ள நண்பர் கூறியதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதோடு ஒரு பாதையைச் சேர்க்க விரும்புகிறேன். அது எனக்கு வெறும் காட்சிப் பாதை அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மாச்சி ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964இல் இரு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 1970களில் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பின்பு கூடலூரில் வாழ்ந்தவர். அவருடைய தங்கை குடும்பம் இன்னும் ஹப்புத்தளைத் தோட்டத்தில்தான் இருக்கிறது.

ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தோட்டத்திற்கு விடியற்காலையில் பேருந்து இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அதில்தான் போவார்கள். தாமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை வாசலில் இறங்கினால், அங்கிருந்து ‘லிப்டன் இருக்கை’ என்னும் மலை முகட்டுக்கு ஏழு கிலோமீட்டர். வழி நெடுகத் தார்ச்சாலை என்பதால் ஆட்டோ பிடித்து மேலே போய்விடலாம் என்று பலரும் சொல்வார்கள். தயவுசெய்து ஏறும்போது நடந்து செல்லுங்கள். இறங்கும்போது வேண்டுமானால் முழங்காலுக்காக ஆட்டோவில் வாருங்கள்.

நடந்தால்தான் இவை கண்ணில் படும்: வளைவுக்கு வளைவு சிவப்பும் மஞ்சளும் பூசிய சிறு கோயில்கள், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசல்களில் காயும் துணிகள், ஒவ்வொரு வீட்டு முன்பும் கையகல இடத்தில் போட்டிருக்கும் லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்) பாத்திகள், இடுப்பில் படங்கு என்னும் தடித்த துணியைச் சுற்றி நெற்றியில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடையைச் சுமந்தபடி சரிவில் நிற்கும் பெண்கள். ஒரு முறை எனக்குச் சித்தி முறையாகும் ஒருவர் கொழுந்து பறிப்பதை அருகில் நின்று பார்த்தேன். அவருடைய விரல்கள் இரண்டிலை ஒரு மொட்டை ஒடிக்கும்போது பார்வை அங்கே இல்லை, என்னோடு பேசிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் மட்டும் கறுத்து, தேயிலைக் கறையில் வெடித்திருந்தன. ‘மெட்ராஸ்ல இருந்தா வாறீங்க?’ என்று கேட்டுவிட்டு, முகட்டுக்குக் கீழே உள்ள கடையில் ரொட்டியும் சம்பலும் சூடாக இருக்கும், தேத்தண்ணீர் குடிக்காமல் போகாதீர்கள் என்றார்.

அங்கே பேச்சு முழுவதும் தமிழ்தான். உங்களுக்கு அது பெரும் வசதி. ஆனால் ஒரு வேண்டுகோள்: பறித்த கொழுந்தின் எடையைப் பார்த்து நாள் கூலி தரும் வேலை அது. கொழுந்து பறிப்பவரை நிறுத்திவைத்துப் படம் எடுக்க வேண்டாம். பேசுவதென்றால் கொழுந்து நிறுக்கும் நேரத்திலோ, வேலை முடிந்து திரும்பும்போதோ பேசலாம், அன்பாகப் பேசுவார்கள்.

இன்னும் நீளமாக நடக்க விரும்பினால் ‘பெக்கோ’ நடைபாதை இருக்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் அந்தப் பாதை 300 கிலோமீட்டருக்கும் கூடுதலானது. 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். தோட்டத்துரைமார் காலத்தில் குதிரைக்கும் வண்டிக்கும் போட்ட பழைய வழிகளைத்தான் இணைத்திருக்கிறார்கள். முழுவதும் நடக்க உங்களுக்கு நாள் போதாது. ஒன்றோ இரண்டோ பகுதிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள், அனுமதிச்சீட்டு விவரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பகுதிகளை நடந்தால் லூல்கந்துரை வரும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடம் அது. அதற்கு முன்பு அந்த மலைகளில் காப்பிதான் இருந்தது. 1869இல் இலைத்துரு நோய் கண்டு காப்பி அழிந்த பிறகே தேயிலை பரவியது. அந்தக் காப்பிக் காலத்திலேயே நம் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்து மக்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாகவே போனார்கள். வழியிலேயே காலராவிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம். அந்த மலைகளில் நாம் விரும்பி நடக்கும்போது, அவர்கள் வேறு வழியில்லாமல் நடந்தது எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.

பரங்கிமலைப் படிகள்

உங்கள் முழங்காலைப் பற்றி எழுதியிருந்ததால் சிவனொளிபாதமலை குறித்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உயரம் 2,243 மீட்டர். நல்லதண்ணி வழியாக ஏறினால் 5,000க்கும் மேற்பட்ட படிகள். வெள்ளியங்கிரி ஏறியவருக்கு ஏற்றம் ஒரு பொருட்டில்லை, இறக்கம்தான் சோதனை. நான் இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கி, விடியும் முன்பே உச்சியை அடைந்துவிட்டேன். ஆனால் இறங்கும்போது பாதி வழியில் தொடை நடுங்கி, பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக வைத்து இறங்க நேர்ந்தது. அதற்கு அடுத்த மூன்று நாட்கள் எங்கும் நடக்க முடியவில்லை.

ஆகவே ஏறுவதென்றால் அதைப் பயணத்தின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கைத்தடிகள் எடுத்துச் செல்லுங்கள். டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் (புத்த பூர்ணிமா) வரை யாத்திரைக் காலம். நீங்கள் போகும் பிப்ரவரியில் படி நெடுக விளக்கும் தேநீர்க் கடைகளும் இருக்கும். பௌர்ணமியையும் வார இறுதியையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் கூட்டம் படிகளிலேயே மணிக்கணக்கில் நின்றுவிடும். சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்பார்கள். நீங்கள் மேற்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள். மலையின் நிழல் பிசிறில்லாத முக்கோணமாக மேகத்தின்மேல் விழுந்து கிடக்கும். எத்தனையாவது முறை ஏறியிருக்கிறோமோ அத்தனை முறை மணி அடிப்பது அங்குள்ள வழக்கம். என் பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் அடித்ததை நான் எண்ணிக்கொண்டே வந்து பதினேழில் விட்டுவிட்டேன். அவர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்.

இப்போதிருந்தே வாரம் இருமுறை திருக்கழுக்குன்றம் படிகளில் ஏறி இறங்கிப் பழகுங்கள். கடற்கரைச் சமதள நடை இதற்குப் போதாது.

எல்லவைப் பொறுத்தவரை, சிறிய சிவனொளிபாதம் என்று அழைக்கும் குன்று அரை நாள் வேலை; மகளுடன் காலையில் போய் வரலாம். எல்ல பாறைக்கு இரயில் தண்டவாளத்தை ஒட்டிப் போகும் வழியில் எங்களுக்கு ஒருவர் வேண்டுமென்றே தவறான பக்கம் காட்டிவிட்டு, பிறகு கூடவே வந்து வழிகாட்டியதற்காகப் பணம் கேட்டார். தங்கும் விடுதியிலேயே வழியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் அங்கிருந்து பக்கம்தான். நக்கிள்ஸ் அருமையான காடு. ஆனால் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது, அட்டைக் கடியும் அதிகம். பத்து நாளில் அதைத் திணிக்க வேண்டாம்.

திருவான்மியூர் நடையன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மகளுடன் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். நுவரெலியாவில் மூன்று இரவு, ஹப்புத்தளையில் நான்கு இரவு. எல்லவுக்கு ஹப்புத்தளையிலிருந்து இரயிலில் போய் மாலையில் திரும்பிவிடலாம். நக்கிள்ஸை விட்டுவிட்டோம். சிவனொளிபாதமலையைக் கடைசியில் வைத்திருக்கிறோம். அன்று முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால் மகள் மட்டும் யாத்ரீகர்களோடு ஏறுவாள், நான் நல்லதண்ணியில் காத்திருப்பேன்.

அம்பத்தூர் அம்மாவிடம் ஒரு கேள்வி. தோட்டத்தில் உங்கள் உறவினர்களைச் சந்திக்க நேர்ந்தால், இங்கிருந்து என்ன கொண்டுபோனால் மகிழ்வார்கள்?

அம்பத்தூர்ப் பேத்தி

ஐயா, என் சித்தி ஒவ்வொரு முறையும் கேட்பது இரண்டுதான்: நல்ல மல்லித்தூளும், முழங்காலுக்குத் தடவும் தைலமும். அவர்களும் நாள் முழுக்கச் சரிவில் நிற்பவர்கள் அல்லவா. பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகம் நான்கைந்து எடுத்துச் செல்லுங்கள். இன்னொன்று: ஹப்புத்தளை இருக்கும் பதுளைப் பக்கத்துச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழை சில ஆண்டுகளில் ஜனவரி முடிய நீடிக்கும். மண்சரிவு எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று கிளம்பும் வாரத்தில் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் ஹப்புத்தளையைப் பின்னுக்குத் தள்ளி, நுவரெலியாவிலேயே ஓரிரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். சித்தி வீட்டு விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.